ஏறியது பாதிதான்
மலைப்பாதையில் ஓட வரும் சமவெளி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டக்கார நண்பர்களே,

பெசன்ட் நகர் கடற்கரையிலும் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும் மதுரை வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும் விடிவதற்கு முன்பே எழுந்து ஓடுகிற உங்களுக்குப் பெரியகுளத்திலிருந்து இதை எழுதுகிறேன். அடைமழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் உங்கள் வேன்கள் எங்கள் மாந்தோப்புகளைத் தாண்டிக் கும்பக்கரை அருவிக்குப் போகும். அங்கிருந்து வெள்ளகெவி, வட்டக்கானல் என்று கொடைக்கானல் மலையை ஓடியே ஏறுவீர்கள். மதியத்துக்குள் டால்பின் நோஸ் பாறையில் கைகளை விரித்து நிற்கும் உங்கள் படம் என் கைபேசிக்கு வந்துவிடும்.

சில ஆண்டுகளாக அந்தப் படங்களைப் பார்த்து வருகிறேன். எல்லாமே உச்சியில் எடுத்தவை. இறங்கி வந்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. காரணம் எனக்குத் தெரியும். இறங்கி முடிக்கிற நேரத்தில் உங்களில் ஒருவர் அரை மணி முன்னாலேயே வந்திருப்பார், ஒருவர் பின்னால் நொண்டிக்கொண்டு வருவார், இன்னொருவர் வேனில் கால் நீட்டிப் படுத்திருப்பார். சேர்ந்து நிற்க ஆள் இருக்காது. எடுக்காமல் விட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நானும் தார்ச்சாலையில் ஓடிப் பழகியவன். மாரத்தான் பதக்கங்கள் சுவரில் தொங்கிய தைரியத்தில்தான் முதன்முதலாக இந்தப் பாதையில் கால் வைத்தேன். ஏறும்போது கூட வந்தவர்களையெல்லாம் முந்தினேன். உச்சியில் முதல் ஆளாக நின்று தண்ணீர் குடித்தபோது, மலை இவ்வளவுதானா என்று தோன்றியது. திரும்பும்போது வெள்ளகெவிக்குக் கீழே, சருகு மூடிக் கிடந்த ஒரு கல்லில் கால் புரண்டது. விழுந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை.

பின்னால் ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தலையில் மூட்டை, வெள்ளகெவி எல்லை தாண்டிய பிறகு மாட்டிக்கொண்ட தேய்ந்த ரப்பர் செருப்பு. மூட்டையை இறக்கி வைத்து என் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். ஒரு கம்பை வெட்டிக் கையில் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: “கண்ணு காலுக்கு முன்னால போகணும் தம்பி. ஒங்க கண்ணு கால்லயே கெடந்துச்சு. மேல இருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன்.” அதாவது, நான் விழப்போகிறேன் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! அவர் என்னைவிட மெதுவாகத்தான் இறங்கினார். ஆனால் அவர்தான் இறங்கினார்; நான் விழுந்துகொண்டே வந்திருக்கிறேன்.

‘ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். எருதாக ஏறி நொண்டியாக இறங்கிய அன்றுதான் அந்தப் பழமொழியின் இரண்டு பாதியும் எனக்கு விளங்கின.

ஏற்றம் ரொக்கம் கேட்கிற கடைக்காரர். ஒவ்வோர் அடிக்கும் அப்போதே வசூலித்துவிடுவார். மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுவோம். இறக்கம் கடன் கொடுக்கிறவர். மூச்சு வாங்காது. கையில் கட்டிய கடிகாரமும் நாடித்துடிப்பு குறைவு என்று காட்டி நம்மைத் தட்டிக்கொடுக்கும். களைப்பே இல்லை என்று நம்பிக் காலை வீசிப் போடுவோம். கணக்கு மறுநாள்தான் வரும், வட்டியோடு.

இதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது ஒரு வேலை. நிறைந்த வாளியைக் கயிறு கையை அறுக்காமல் மெல்ல மெல்ல உள்ளே விடுவது வேறு வேலை. இரண்டாவதில் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். கொடைக்கானல் போய் வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை, அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. இறக்கத்தில் ஒருமுறை வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்கிறது. உடலியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. மலைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு நாள் நன்றாக இறங்கிப் பழகினாலே பலன் தெரியும். சென்னையில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு போதும். எல்லோரும் உடற்பயிற்சிக்காகப் படியில் ஏறி லிஃப்டில் இறங்குகிறார்கள். நீங்கள் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். பத்து மாடி, பத்து முறை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பாதைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவை சிலவே. அடியைக் குறுக்குங்கள், வேகமாக மாற்றி மாற்றி வையுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட்டால் முழங்கால் அடி வாங்கும், ஈரப் பாறையாக இருந்தால் முதுகும் வாங்கும். கைகளை ஒட்டி வைக்காமல் விரித்து விடுங்கள். அது சமநிலைக்கு, அழகுக்கு அல்ல. இறங்கத் தொடங்குமுன் ஷூவின் நாடாவை மறுபடி இறுக்குங்கள், இல்லையென்றால் விரல்கள் முன்னால் போய் முட்டி நகம் கறுத்துவிடும். கண் நாலைந்து அடி தள்ளி, அடுத்தடுத்த கற்களில் இருக்கட்டும். இது அந்த மூட்டைக்காரர் சொன்னது. பிறகு நான் படித்த பயிற்சிப் புத்தகங்களும் இதைத்தான் சொல்லின, நாலு பக்கத்தில்.

கம்பும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி ஏறுகிற பக்தர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் போவதில்லை. ஏழாவது மலைக்கு ஏறும்போது அது துணை. ஏழு மலையையும் இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால். ஏறும்போது நடப்பதற்கும் வெட்கப்பட வேண்டாம். மோன் பிளாங்க் மலையைச் சுற்றிப் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளில் சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் 2003 முதல் நடக்கிறது. அதில் முன்னணியில் வருகிறவர்களே செங்குத்தான ஏற்றங்களில் தொடையில் கையை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்து நேரக் கணக்கு. மலையில் நடக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி வகுத்தார். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அந்த விதியில் இறக்கம் கணக்கிலேயே இல்லை. எரிக் லாங்மியூர் என்ற இன்னொரு மலையேறி பிற்காலத்தில் அதைத் திருத்தினார். சாய்வு மிதமாக இருந்தால், இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கழித்துக்கொள்ளலாம். 12 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் கழிக்கக் கூடாது. பத்து நிமிடம் கூட்ட வேண்டும்.

இந்தத் திருத்தத்தை நம் பாதைக்குப் போட்டுப் பாருங்கள். வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்குச் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். எல்லாம் செங்குத்து என்று வைத்துக்கொண்டால் ஐம்பது நிமிடம் கூடுகிறது. நீங்களோ ‘இறக்கம்தானே, பாதி நேரத்தில் வந்துவிடலாம்’ என்று உச்சியில் தேநீர் குடித்து, படம் எடுத்து, மூன்று மணிக்குக் கிளம்புகிறீர்கள். மார்கழியில் மலை மறைவில் ஐந்தரைக்கே இருட்டுக் கட்டிவிடும். பையில் நெற்றி விளக்கு இருக்காது. கைபேசி வெளிச்சத்தில் ஒரு கை போய்விட்டால், கம்பு பிடிக்க ஒரு கைதான் மிச்சம். ஆகவே கிளம்புமுன் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மணி அடித்ததும், உச்சி கண்ணுக்கு முன் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளம் வயதினர், முதல் நாள் குரங்கணிக்கு மேலே உள்ள கொழுக்குமலைக்குப் போனார்கள். இரவு மேலே தங்கினார்கள். மறுநாள் இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத் தீ பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குரங்கணி ஊர்க்காரர்கள்தான் முதலில் மேலே ஓடி, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள்.

தீயின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு எளிதாகத் தோன்றுவது இறக்கம். தீக்கு எளிது ஏற்றம். சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ, தன் வெப்பத்தாலேயே மேலே உள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டு போகும். சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. ஆகவே, மாசி பங்குனியில் காய்ந்த புல் நிற்கும் சரிவில் நீங்கள் இறங்கி வர, கீழிருந்து தீ ஏறி வந்தால், இருவரும் எதிரெதிரே வருகிறீர்கள். வேகமாக வருவது அது. அந்த மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடினால் ‘அனுமதி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஊர்ப்பக்கம் யாரையாவது பிடித்துச் சத்தமில்லாமல் ஏறிவிடலாம் என்றும் பார்க்காதீர்கள். அனுமதிச் சீட்டு என்பது, மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்கும் ஏற்பாடு. இப்போது வழி எளிதாகவும் ஆகியிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்களே, பழங்குடியினர் உட்பட, வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள்.

‘நாங்கள் நடக்கிறவர்கள் இல்லை, பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்கள்’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். ஒதுங்க இடமில்லாத ஓர் ஏற்றத்தில் முன்னணி ஓட்டக்காரர்கள் போய்க்கொண்டிருந்தபோது ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றுமாக வானிலை புரண்டது. பலரிடம் மெல்லிய உடுப்பு தவிர எதுவும் இல்லை. 21 பேர் குளிரில் இறந்தார்கள். சீனாவின் புகழ்பெற்ற நெடுந்தொலைவு ஓட்டக்காரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். ஓட்டத் திறமையில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. பந்தயத்தை விட்டுவிட்டுத் திரும்பி இறங்கியவர்களில் பலர் பிழைத்தார்கள். இன்னும் ஆறு பேரை அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் குகைக்குக் கொண்டுபோய், நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

குரங்கணியிலும் கான்சுவிலும், விழுந்து கிடந்த என் பக்கத்திலும் முதலில் வந்து நின்றது மலையில் தினமும் நடக்கிற ஆள்தான். கடிகாரம் கட்டியவர் அல்ல. அவர்கள் நடக்கிற பாதையில்தான் நாம் ஓடுகிறோம். இனி நான் கேட்கப்போவதெல்லாம் அவர்களுக்காகவும், அங்கே வாழ்கிற மற்ற உயிர்களுக்காகவும்.

இந்தப் பாதை ஏன் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மோட்டார் சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானலுக்கு ஆளும் சரக்கும் இந்தப் பக்கமாகவும் ஏறியதுண்டு. சுமையோடு ஏறுகிறவருக்கும் பொதி சுமக்கும் குதிரைக்கும் மூச்சு தாங்குகிற சாய்வில் வெட்டிய வளைவுகள் அவை. நீங்கள் இறங்கும் வேகத்தில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் குறுக்கே பாய்கிறீர்கள். நீங்கள் மிச்சம் பிடிப்பது இருபது விநாடி. உங்கள் பின்னால் பத்துப் பேர் பாய்ந்தால் புல் போய்விடும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தக் குறுக்குவழியைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கும் இறங்குவதென்றால் அவசரம். இரண்டு பருவத்தில் அது வாய்க்காலாகி, கீழே இருக்கும் பாதையை அறுத்துவிடும். வேனில் ஏறிப் போய்விடுவீர்கள். அறுந்த பாதையில் அரிசி மூட்டையோடு ஏறப்போகிறவர் வேறொருவர்.

எதிரே சுமையோடு யாராவது ஏறி வந்தால் நில்லுங்கள். ஏறுகிறவருக்குத்தான் வழி. பொதிக் குதிரைகள் வந்தால் மலைச் சரிவை ஒட்டி உள்பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து நீங்கள் உருள வேண்டியிருக்கும்.

காட்டெருமை எங்கள் மலையில் சாதாரணம், கொடைக்கானல் தெருக்களிலேயே நிற்கும். ஏறும்போது நம் மூச்சுச் சத்தமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். இறங்கும்போது ஓசையில்லாமல், வேகமாக, ஒரு வளைவில் திடீரென்று அதன் முன்னால் போய் நிற்போம். அந்த அதிர்ச்சிதான் ஆபத்து. காதில் பாட்டு வேண்டாம். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே திரும்புங்கள். கண்ணில் பட்டால் ஓடாதீர்கள். ஓடத்தானே வந்தோம் என்று அதனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். யானை நடமாட்டம் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

கடைசியாக வெள்ளகெவி. பாதையின் நடுவில் வரும் அந்த ஊருக்கு நெடுங்காலமாக வாகனச் சாலை கிடையாது; நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்கியிருக்கிறார்கள். அடுத்தடுத்துக் கோயில்கள் இருக்கும் ஊர் என்பதால் அதற்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். உங்களில் சிலர் பதினைந்தாயிரம் ரூபாய் ஷூவோடு ஊருக்குள் ஓடிப் போனதாகவும், ஒரு பாட்டி சத்தம் போட்டதாகவும் கேள்விப்பட்டேன். ‘ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி நாடா அவிழ்த்தால் நேரம் போகிறதே’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அந்த இடத்தில் நேரம் போகத்தான் வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அந்தத் தெருவை நடந்து கடந்து பாருங்கள். கல் எங்கே கூர், மண் எங்கே ஈரம், சரிவு எந்தப் பக்கம் என்று உள்ளங்கால் தானாகப் படிக்கத் தொடங்கும். மறுபடி நாடா கட்டும்போது அடி குறுகியிருக்கும், கண் முன்னால் போயிருக்கும். என் கால் புரண்டது அந்த ஊருக்குக் கீழேதான் என்று சொன்னேன் அல்லவா? அன்று நான் அந்தத் தெருவை எப்படிக் கடந்தேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். நமக்குச் சறுக்குவதில் வியப்பில்லை. சறுக்கினால் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே ஏறும்போது யார் வேண்டுமானாலும் முந்துங்கள். இறங்கும்போது குழுவிலேயே மெதுவானவர் முன்னால் போகட்டும், தேர்ந்தவர் கடைசியாக வரட்டும்.

இந்த மார்கழியிலும் நீங்கள் வருவீர்கள். வாருங்கள். டால்பின் நோஸில் படம் எடுப்பதையும் நான் தடுக்கவில்லை. எனக்கு அனுப்புவதற்கு மட்டும் இன்னொரு படம் எடுங்கள். கும்பக்கரையில், அருவிக்குப் பக்கத்தில், எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு. எடுக்குமுன் ஒருமுறை தலைகளை எண்ணிவிடுங்கள். காலையில் எத்தனை பேர் ஏறினீர்களோ அத்தனை பேர் அந்தப் படத்தில் இருந்தால், மலை ஓடியதாக ஒத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியகுளத்திலிருந்து உங்கள் சக ஓட்டக்காரன்